கூடாரம் ஒழுகவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற பருவத்தில் ஒரு நாள் அதிகாலை மூன்றரை மணிக்கு எங்கள் சுற்றுலாக் கூடார முகாமின் அலுவலகத் தொலைபேசி அடித்தது. "கூடாரம் ஒழுகுகிறது, என் மகளின் தலையணை நனைந்துவிட்டது" என்றார் ஓர் அம்மையார். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினோம். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. உள்ளே போய்க் கூரைத் துணியில் விரலை வைத்து இழுத்தால், பனி படிந்த கண்ணாடியில் விழுவதுபோல் கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் முனையிலிருந்து ஒரு சொட்டு தலையணையில் விழுந்தது. குளிருக்குப் பயந்து நான்கு பேரும் எல்லா ஜிப்புகளையும் அடிவரை இழுத்து மூடி, காற்றுத் துளைகளிலும் துண்டுகளைத் திணித்துவிட்டுப் படுத்திருந்தார்கள். சொட்டியது அவர்களுடைய மூச்சுதான்.

விளக்கினோம், அவர் நம்பவில்லை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினோம். பிறகு யோசித்துப் பார்த்தபோது அவர்மீது தவறே இல்லை என்று தோன்றியது. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மடல். இந்தப் பருவத்திலிருந்து சில மாற்றங்களும் வருகின்றன. அவற்றின் காரணங்களையும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் அந்த ஈரம். ஒருவர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஏறக்குறைய கால் லிட்டர் நீர் வெளியேறும். நான்கு பேருக்கு ஒரு லிட்டர். தெளிந்த வானமுள்ள இரவில் கூரைத் துணி தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அந்தத் துணியில் பட்டதும் மூச்சுக் காற்றில் உள்ள நீராவி திவலைகளாக மாறிவிடும். இதைத் தடுக்க ஒரே வழி, மேலே உள்ள காற்றுத் துளையையும் கீழே உள்ள சன்னலையும் ஒரு கையகலம் திறந்து வைப்பதுதான். கொஞ்சம் குளிரத்தான் செய்யும். இன்னொரு போர்வை கேளுங்கள், கொடுக்கிறோம். சன்னலை மட்டும் மூடாதீர்கள்.

எங்கள் கூடாரங்கள் பருத்தி கேன்வாஸில் தைத்தவை. புதுக் கேன்வாஸை முதல் மழைக்கு முன்பே இரண்டு மூன்று முறை நனைத்துக் காயவைப்போம். நனைந்த நூல் பருத்துத் தையல் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அது நல்ல மழையைத் தாங்கும். மழை பெய்யும்போது உள்பக்கத் துணியில் சாய்ந்து உட்காருவதும் பெட்டியை ஒட்டி வைப்பதும் வேண்டாம் என்று நாங்கள் கெஞ்சுவதற்குக் காரணம், தொட்ட இடத்தில் நீர் உள்ளே இறங்கிவிடும் என்பதுதான். குழந்தைகளிடம் இதைச் சொன்னால் உடனே விரலை வைத்துப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். அவர்களை மன்னித்துவிடுகிறோம். பெரியவர்கள் சிலரும் அதையே செய்கிறார்கள்.

இனி, எங்கள் விளம்பரப் படத்தைப் பற்றி ஒரு வாக்குமூலம். அந்தி நேரம், புல்வெளி நடுவே ஒரு வெள்ளைக் கூடாரம், உள்ளே விளக்கு எரிய அது முழுவதும் மஞ்சளாக ஒளிர்கிறது. அழகான படம். ஒவ்வொரு விளக்கையும் சுற்றி எத்தனை பூச்சிகள் பறந்தன என்பது மட்டும் அந்தப் படத்தில் இல்லை. அதைப் பார்த்து வருகிறவர்கள் ஓட்டல் அறையை வயலில் தூக்கி வைத்ததுபோல் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். அந்தப் படத்தை எடுத்துவிட்டோம்.

கேம்பிங் என்றால் நீங்களே கூடாரம் அடித்து, தரையில் பாய் விரித்துப் படுப்பது. கிளாம்பிங் என்றால் நாங்கள் அடித்துவைத்த கூடாரத்தில் கட்டில், மெத்தை, விளக்கு எல்லாம் இருக்கும். இந்தச் சொல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் ஏறியது 2016-இல்தான். ஆனால் இந்த ஆசை பழையது. 1520-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியும் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிஸும் கலே என்ற துறைமுக நகருக்கு அருகே சந்தித்தபோது பொன்னிழைத் துணிக் கூடாரங்களாகவே எழுப்பினார்கள். அந்த இடத்துக்கே பொன்துணி வயல் என்று பெயர் வந்துவிட்டது. பிரான்சிஸின் பெருங்கூடாரத்தைக் காற்றும் மழையும் காரணமாகச் சில நாட்களிலேயே இறக்க வேண்டியதாயிற்று. கட்டில் போட்டாலும் பொன்னிழை வேய்ந்தாலும் உங்களுக்கும் வெளிக்கும் நடுவில் இருப்பது ஒரு துணி. எங்களிடம் நீங்கள் வாங்குவதே அந்த மெல்லிய இடைவெளியைத்தான் என்பது எங்கள் எண்ணம். அதைச் சுவர் என்று நினைத்துக்கொண்டு வந்தால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு.

பிறகு குளிர். "காற்று மெத்தை போட்டும் முதுகு சில்லிட்டது" என்று பலர் எழுதியிருந்தீர்கள். போட்டதால்தான் சில்லிட்டது. மெத்தைக்குள் இருக்கும் காற்று சுழன்று, உடம்பின் சூட்டை எடுத்துத் தரைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் கீழே கசிவது நிற்காது. சொந்தக் கூடாரத்தோடு வருகிறவர்கள் காற்று மெத்தையின் மேல் ஒரு கம்பளியோ நுரைப் பாயோ விரித்துப் படுங்கள். எங்கள் கட்டில்களில் இருந்த காற்று மெத்தைகளை எடுத்துவிட்டுப் பஞ்சு மெத்தை போட்டிருக்கிறோம். பள்ளத்தில் ஓடையை ஒட்டி இருந்த மூன்று கூடாரங்களையும் மேட்டுக்கு மாற்றிவிட்டோம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் நீரைப்போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடைப் பக்கத்து இடங்களுக்குத்தான் முன்பதிவில் போட்டி அதிகம், விடியற்காலைப் புகாரும் அங்கிருந்துதான் அதிகம்.

குளிர் என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ எக்காரணம் கொண்டும் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். தணல் அணைந்துவிட்டது, சாம்பல்தானே என்று கரியடுப்பைக் குளிருக்காக உள்ளே இழுத்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் தலைவலியோடு விழித்துக்கொள்வார் என்று நம்பக் கூடாது, விழிக்காமலே போகலாம். எங்கள் கூடாரம் ஒவ்வொன்றிலும் எச்சரிக்கைக் கருவி மாட்டியிருக்கிறோம். இரவில் ஒரு முறை சுற்றி வரும்போது உள்ளே அடுப்பைக் கண்டால் கேட்காமலே வெளியே எடுத்து வைப்போம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே வந்து சேர வேண்டும் என்ற புதிய விதி. இதற்குத்தான் எதிர்ப்பு வரும் என்று தெரியும். வார இறுதியில் வேலை முடித்துக் கிளம்பி, நகர எல்லையைத் தாண்டவே பாதிப் பயண நேரம் போய்விடும் என்பதும் தெரியும். ஆனாலும் பகல் வெளிச்சத்தில் ஒரு முறையாவது நடந்து பார்த்தவருக்குக் கழிவறை எங்கே, கயிறு எங்கே, பள்ளம் எங்கே என்று கால்களுக்கே நினைவிருக்கும். இருட்டில் வந்து இறங்குகிறவர் முதலில் தடுக்கி விழுவது பக்கத்துக் கூடாரத்தின் முளைக்கயிற்றில். பக்கத்துக் கூடாரமும் சேர்ந்து விழித்துக்கொள்ளும். அதற்குள் வந்து சேர முடியாதவர்கள் மறுநாள் விடிந்ததும் வாருங்கள். அந்த இரவுக்கான கட்டணத்தை அடுத்த வருகைக்கு வரவு வைத்துக்கொள்கிறோம்.

பாதை விளக்குகளை எடுத்ததும் இதோடு சேர்ந்ததுதான். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை விளக்கைப் பார்த்த மாத்திரத்தில் அந்தப் பழக்கம் கலைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அலுவலகத்தில் சிவப்புக் கண்ணாடி போட்ட டார்ச் தருகிறோம். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. நிலவில்லாத நாளில் இங்கே பால்வீதி தெரியும். உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தங்கள் வீட்டிலிருந்து அதைப் பார்க்க முடியாது என்று 2016-இல் வெளியான செயற்கை ஒளி வரைபடம் சொன்னது. இங்கேயும் வானம் முழுவதும் இருட்டு என்று பொய் சொல்ல மாட்டோம். நகரம் இருக்கும் திசையில் அடிவானம் இரவு முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் மங்கலாகக் கிடக்கும். அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். முழுநிலவு நாட்களை நட்சத்திரம் பார்க்க என்று முன்பதிவு செய்யாதீர்கள்; நிலவு பார்க்க என்று செய்யுங்கள்.

நடக்கும்போது மட்டும் டார்ச்சும் காலணியும் அவசியம். காலணியைப் போடும் முன் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டுங்கள். ஒன்பது முறை ஒன்றுமே விழாது. பத்தாவது முறை உங்களைவிட அதிகமாகப் பயந்துபோன ஏதோ ஒன்று விழும்.

இரவு பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி கூடாது என்பதில் முன்பு கொஞ்சம் நெகிழ்வாக இருந்தோம். இனி இல்லை. பகலில் தரைக் காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று சூடாக இருக்கும். அப்போது ஒலி திரும்பிக் கீழே வளைந்து, வயல் மேலேயே வெகுதூரம் ஓடும். சென்ற பருவத்தில் ஒரு நாள் காலை பக்கத்து நிலத்துக்காரர் வேலியருகே எங்களை நிறுத்தி, "உங்களிடம் தங்கியிருக்கிறாரே ஒருவர், அவருடைய மேலதிகாரி சரியில்லை போலிருக்கிறதே" என்றார். அரை கிலோமீட்டர் தள்ளி உள்ள வீட்டில் படுத்துக்கொண்டு அத்தனையையும் கேட்டிருக்கிறார். அவர் விடிவதற்கு முன்பே எழுந்து வேலைக்குப் போகிறவர். நாம் ஓய்வுக்கு வருகிற இடம் அவருக்குப் பணியிடம்.

கூடாரங்களைப் பதினான்கிலிருந்து ஒன்பதாகக் குறைத்ததற்கு எங்கள் முகாமின் நிலம்தான் காரணம். ஒரே இடத்தில் தரைவிரிப்பு கிடந்தால் அடியில் புல் வெளுத்துச் சாகும். ஆட்கள் நடக்க நடக்க மண் இறுகி, மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே வழிந்தோடும். சென்ற பருவ முடிவில் கூடாரங்களைப் பிரித்தபோது பதினான்கு வட்டங்கள் மொட்டைத் தலைபோல் கிடந்தன. அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் முளைக்கவில்லை. ஒன்பது இருந்தால் இடம் மாற்றி மாற்றி அடிக்க முடியும், ஓய்வில் இருக்கும் வட்டங்கள் பச்சை பிடிக்கும். எங்கள் வருமானம் குறையும் என்பதை மறைக்கவில்லை; அதற்காக வாரநாட்களில் நிறையப் பேர் வந்தால் மகிழ்ச்சி.

கழிவறை பற்றிச் சுருக்கமாக. உலர் கழிவறை, மரத்தூள் போடும் முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு கைப்பிடி மரத்தூள் போட்டால் நாற்றம் இருக்காது. போட மறந்தால் அடுத்தவருக்குத் தெரிந்துவிடும். ஈரத் துடைப்பான்களை அதில் போடாதீர்கள். பார்க்கக் காகிதம்போல் இருந்தாலும் பலவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, மக்காது. பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் ஓடையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளித்தான். விறகை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டாம். விறகுக்குள் ஒளிந்து வரும் பூச்சிகள் இங்குள்ள மரங்களில் குடியேறிவிடும். வேண்டிய விறகு இங்கேயே இருக்கிறது.

மின்னல் நாட்களில் முடிவெடுக்கும் உரிமை எங்களுடையது. கூடாரம், அதற்குள் எத்தனை நல்ல கட்டில் இருந்தாலும், இடிக்குப் பாதுகாப்பில்லை. முதல் இடி காதில் விழுந்ததும் மணி அடிப்போம். எல்லோரும் கான்கிரீட் கூடத்துக்கு வர வேண்டும், எட்டாதவர்கள் தங்கள் காருக்குள் கதவடைத்து உட்கார வேண்டும். கடைசி இடி ஓய்ந்து முப்பது நிமிடம் கழியும்வரை யாரையும் திரும்ப அனுப்ப மாட்டோம். சீட்டாட்டத்தின் பாதியில் இருந்த ஒரு குழு மணி அடித்ததும் அப்படியே சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது, கூடத்தில் தொடர்ந்தார்கள். அதற்குத் தடையில்லை.

பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் முந்தைய நாளே நாங்கள் அழைத்து ரத்து செய்வோம். முழுத் தொகையும் திரும்ப வரும். லேசான மழைக்கு ரத்து கிடையாது. கேன்வாஸில் மழை விழும் சத்தத்தில் தூங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சிலர் மழைக்காகவே மறுபடி வருகிறார்கள்.

முதலில் சொன்ன அம்மையார் இந்தப் பருவத்துக்கும் முன்பதிவு செய்திருக்கிறார். குறிப்புப் பகுதியில், "மேட்டில் உள்ள கூடாரம், இரண்டு கூடுதல் போர்வை, சன்னலைத் திறந்துதான் வைப்போம்" என்று எழுதியிருந்தார்.

கடைசியாக ஒரு சிறு செய்தி. ஐந்தாம் எண் கூடாரத்தின் கட்டிலுக்கு அடியில் குழந்தையின் நீலநிறக் காலணி ஒன்று, இடது கால், கிடைத்திருக்கிறது. கவிழ்த்துத் தட்டிவிட்டு அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
முகாம் நிர்வாகத்தார்