டிக்கெட் பதியும்போதே கேட்டுவிடுங்கள்

திருகோணமலையில் விமான டிக்கெட் பதிந்து கொடுக்கும் முகவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் மடிக்கும் மின்சாரச் சைக்கிள் ஒன்று பழைய சேலையால் மூடியபடி நிற்கிறது. கத்தாரில் வேலை செய்யும் என் தம்பி, தன் மகள் வகுப்புகளுக்குப் போய்வரவென்று ஏழு மாதம் மிச்சம்பிடித்து வாங்கியது. இருக்கைக்குக் கீழே பற்றரி இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுநாடா சுற்றிய இரண்டு வயர்கள்தான் தொங்குகின்றன.

பற்றரியை அவன் கத்தார் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தான். பின்னால் நீண்ட வரிசை. விமானம் புறப்பட இரண்டு மணி நேரம்கூட இல்லை. பொருளை ஒப்படைக்க அங்கே தெரிந்தவர் ஒருவருமில்லை. "அக்கா, எறிந்துவிட்டு வரச் சொல்கிறார்கள்" என்று தொலைபேசியில் சொன்னபோது அவன் குரல் உடைந்திருந்தது.

விமானத்தில் பற்றரி கொண்டுவருவது பற்றிய விதியை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பற்றரியின் அடியில் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-மணி; பற்றரி சேமித்து வைக்கும் மின்சக்தியின் அளவு அது. பயணியின் பொதியில் லித்தியம் பற்றரி 100 வாட்-மணி வரை பொதுவாகப் போகலாம். 100க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160ஐத் தாண்டினால் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. மின்சாரச் சைக்கிள் பற்றரிகளில் அனேகமானவை இந்த எல்லைக்கு வெகுதூரம் மேலேதான் இருக்கின்றன. ஸ்கூட்டர் போன்ற சிறு வண்டிகளை, பற்றரி எவ்வளவு சிறிதானாலும் ஏற்காத நிறுவனங்களும் உண்டு.

காரணம் சும்மா அல்ல. ஒரு பற்றரிக்குள் பல சிறு மின்கலங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று கொதித்தால் பக்கத்துக் கலமும் கொதிக்கும். தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கலாம். உள்ளே ஏறும் வெப்பத்தை அதனால் நிறுத்த முடியாது. 2010 செப்டம்பர் 3ஆம் திகதி துபாயிலிருந்து கிளம்பிய சரக்கு விமானமொன்றில் லித்தியம் பற்றரிகள் இருந்த பகுதியில் தீப்பற்றி, விமானிகள் இருவரும் இறந்தார்கள். 2016 ஏப்ரலிலிருந்து, சாதனம் எதனோடும் சேராத தனி லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காகக்கூட ஏற்றுவதில்லை. ஆகவே துணியில் சுற்றிப் பெட்டிக்குள் ஒளித்து வாருங்கள் என்று வாடிக்கையாளருக்கு யோசனை சொல்பவர்கள், தயவுசெய்து அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். அதே விமானத்தில் கைக்குழந்தைகளும் வருகிறார்கள்.

என் மனத்தாங்கல் வேறு. தம்பிக்கு டிக்கெட் போட்டவர் எத்தனை கிலோ பொதி என்று மூன்று தரம் கேட்டார். பற்றரி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிக்கெட்டோடு வந்த ஆங்கிலத் தாளில் அது இருந்ததாம், பொடி எழுத்தில். தம்பி தமிழில் படித்தவன்.

உங்கள் மேசைக்கு முன்னால் ஒரு தமிழ் அறிவித்தல் ஒட்டுங்கள். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கும் கணக்கையும் 100, 160 என்ற இரண்டு எண்களையும் பெரிதாகப் போடுங்கள். பற்றரி கழற்றிய சைக்கிளைச் சில நிறுவனங்கள் ஏற்கும். அதை முன்கூட்டியே கேட்டுக் கொடுங்கள். அப்படித் தெரிந்திருந்தால் தம்பி பற்றரியை அங்கேயே விற்றிருப்பான்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து கோணேசரைக் கும்பிட வரும் முதியவர்களில் சிலர் மின்சாரச் சக்கர நாற்காலியில் வருகிறார்கள். அவர்களுக்கான விதி தனி. நடமாட உதவும் சாதனத்தின் கழற்றக்கூடிய லித்தியம் பற்றரி 300 வாட்-மணி வரை, விமான நிறுவனத்தின் அனுமதியோடு, கழற்றிக் கைப்பொதியாகக் கொண்டுவரலாம். திரும்பிப் போகும் நாளில் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை தாண்டி இரவு முழுவதும் பயணம் செய்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும் ஒரு மூதாட்டியை, சைக்கிள் விதியைக் காட்டி யாரும் மறிக்க விடாதீர்கள். டிக்கெட் பதியும்போதே பற்றரியின் அளவை நிறுவனத்துக்கு எழுதி, வந்த பதிலை அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.

தம்பி அடுத்த விடுமுறைக்கு வருகிறான். டிக்கெட் பதிய உங்களில் ஒருவரிடம்தான் வருவேன். நான் கேட்பதற்கு முன் நீங்கள் கேளுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஓர் அக்கா