வீடியோ எடிட்டிங் மென்பொருளின் குறைகள் குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
புது வண்ணாரப்பேட்டை, சென்னை.
(பெயர், ஆர்டர் எண், பதிவு செய்த மின்னஞ்சல் முகவரி தனித்தாளில் உள்ளன.)

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஒலி விலகல், தமிழ் டைட்டில் சிதைவு, கைபேசிக் கோப்பு திறக்காமை ஆகியவற்றைச் சரிசெய்யவும், இயலாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரவும் கோருவது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் வீடியோ எடிட்டிங் மென்பொருளின் வாழ்நாள் உரிமத்தை ஜிஎஸ்டியோடு சேர்த்து முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். வாங்கியது முதல் மூன்று குறைகளை உங்கள் உதவி மையத்துக்கு எழுதி வந்தேன். மூன்றில் ஒன்றுகூடச் சரியாகவில்லை. இருந்தும் என் புகாரைத் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறித்து மூடிவிட்டார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. அதனால்தான் நேரடியாக உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த மென்பொருளை எதற்காக வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்த காசிமா எங்கள் பகுதியின் செரியன் நகர்ப் பெண். அதற்குப் பிறகு எங்கள் கேரம் மன்றத்தில் பலகையருகே வந்து நிற்கும் சிறுமிகள் அதிகமாகியிருக்கிறார்கள். பலகைக்கு மேலே கைபேசியைக் கட்டி அவர்களுடைய ஆட்டங்களைப் பதிவு செய்கிறேன். இரவில் வீட்டுக் கணினியில் வெட்டித் தொகுத்து அவரவர் ஆட்டத்தை அவரவரிடம் கொடுக்கிறேன். ஸ்டிரைக்கரை எந்த இடத்தில் வைத்து விட்டோம், சிவப்பைப் போட்ட பிறகு அடுத்த காய் ஏன் தவறியது என்பதைப் பிள்ளைகள் தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். இதில் எனக்கு வருமானம் எதுவும் இல்லை. மென்பொருளுக்குக் கொடுத்த தொகை என் கைக்காசு.

உங்கள் பக்கத்தில் ‘சாதாரண வீட்டுக் கணினியே போதும்’ என்று போட்டிருக்கிறீர்கள். விண்டோஸ் 10 அல்லது 11, ஆறாம் தலைமுறை ஐ5 சிப், 8 ஜிபி நினைவகம் இருந்தால் போதும் என்பது நீங்களே வகுத்த அளவுகோல். என்னிடம் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி வட்டு, விண்டோஸ் 10. நீங்கள் கேட்டதற்கு மேலேயே இருக்கிறது. இதை இப்போதே சொல்லக் காரணம் உண்டு. உங்கள் உதவி மையம் எந்தக் கேள்விக்கும் ‘உங்கள் கணினி பழையது’ என்ற ஒரே பதிலைத்தான் தந்துகொண்டிருக்கிறது.

முதல் குறை, கைபேசிக் கோப்பு திறக்காதது. இப்போதைய கைபேசிகள் இடத்தை மிச்சப்படுத்த எச்.265 என்ற முறையில் படத்தைச் சுருக்கிச் சேமிக்கின்றன. அந்தக் கோப்பை டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) இழுத்துப் போட்டால் ஒலி மட்டும் கேட்கிறது, படம் கறுப்பாக இருக்கிறது. உங்கள் மென்பொருள் இதற்கு விண்டோஸின் துணை நிரல் ஒன்றை நம்பியிருக்கிறது, அந்த நிரலை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதை நானே தேடிக் கண்டுபிடித்தேன். சிறிய தொகைதான், வாங்கிப் போட்டுவிட்டேன். ஆனால் ‘எச்.265 ஏற்கும்’ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்தவர்கள், அதற்கு வேறொரு பொருளும் வாங்க வேண்டும் என்பதை அதே இடத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது குறையால்தான் என் வேலையே நின்றது. கேரம் ஆட்டத்தில் கண்ணுக்குத் தப்புவதைக் காது பிடித்துவிடும். ஸ்டிரைக்கர் காயைத் தொடும்போது ஒரு ஓசை, காய் கட்டையில் பட்டுத் திரும்பும்போது வேறு ஓசை, குழியில் விழும்போது இன்னொன்று. அடி மெலிதாக விழுந்ததா, வழியில் வேறு காயை உரசியதா என்பதெல்லாம் அதில் தெரியும். உங்கள் மென்பொருளில் தொகுத்தால் ஆட்டத்தின் தொடக்கத்தில் ஓசையும் படமும் ஒத்துப்போகின்றன. போகப் போக விலகுகின்றன. நாற்பது நிமிடப் போட்டியின் கடைசிச் சுற்றில் காய் குழிக்குள் விழுந்து, அடுத்தவர் ஸ்டிரைக்கரைக் கையில் எடுத்த பிறகுதான் அது விழுந்த ஓசை கேட்கிறது. பார்க்கிற பிள்ளை எதை எதோடு பொருத்திப் பார்க்கும்?

இதற்கான காரணத்தை உங்கள் உதவி மையம் சொல்லவில்லை. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து நானே பார்த்தேன். கைபேசி நொடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்று சொன்னாலும் எல்லா நேரமும் சரியாக 30 எடுப்பதில்லை. வெளிச்சம் குறையும்போது ஃபிரேமுக்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. எங்கள் மன்றத்தில் பலகைக்கு மேல் ஒரு விளக்குதான், சுற்றிலும் மங்கல். அந்தப் போட்டியின் சராசரி 29.98 ஃபிரேம். உங்கள் மென்பொருள் அதை முழு 30 என்று வைத்துக்கொண்டு ஃபிரேம்களைச் சம இடைவெளியில் அடுக்குகிறது. நாற்பது நிமிடத்தில் அந்தச் சின்ன வேறுபாடு 1.6 நொடியாக வளர்ந்துவிடுகிறது. படம் முன்னே ஓடிவிடுகிறது, ஒலி பின்தங்குகிறது. நான் அளந்து பார்த்த விலகலும் அதுவேதான்.

ஒவ்வொரு ஃபிரேமும் எந்தக் கணத்தில் எடுக்கப்பட்டது என்ற நேரக்குறிப்பு கோப்புக்குள்ளேயே இருக்கிறது. அதைப் படித்து அதன்படி அடுக்கியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. இதே கணினியில், இதே கோப்பை, விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருள் பிசகில்லாமல் ஓட்டுகிறது. காசு வாங்காமல் கொடுக்கப்படும் ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருள் கூட, கோப்பை உள்ளே கொண்டுவரும்போதே ஃபிரேம் வேகம் சீராக இல்லை என்று எச்சரித்து, மாற்றித் தரட்டுமா என்று கேட்கிறது. உங்கள் மென்பொருள் எச்சரிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. இப்போது நான் ஒவ்வொரு கோப்பையும் ஹேண்ட்பிரேக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் போட்டுச் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் உங்கள் மென்பொருளைத் திறக்கிறேன். மாற்றிய கோப்பில் ஒலி விலகவில்லை. குறை எங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கணினி நெடுநேரம் ஓடுகிறது. மறுபடி சுருக்குவதால் படத்தின் தெளிவும் கொஞ்சம் போகிறது. வேகமாக ஓடும் ஸ்டிரைக்கரின் விளிம்பு மங்கலாகிவிடுகிறது.

மூன்றாவது குறையை எழுதும்போது கோபத்தை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். ‘அனைத்து இந்திய மொழிகளிலும் டைட்டில்’ என்ற உங்கள் விளம்பர வரியை நம்பித்தான் இதை வாங்கினேன். எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களை நினைத்துப் பாருங்கள்: தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை. கொம்பும் காலும் புள்ளியும் இல்லாமல் இவற்றில் ஒன்றையும் எழுத முடியாது.

‘கொருக்குப்பேட்டை’ என்று டைட்டிலில் தட்டச்சு செய்தேன். ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னால் வரவில்லை. க தனியாக நிற்க, கொம்பும் துணைக்காலும் அதன் வலப்புறம் நின்றன, நடுவில் வெற்றிடம். ‘ரு’ என்பது ர-வும் அதற்குப் பக்கத்தில் ஒட்டாத ஒரு சுழியுமாகப் பிரிந்தது. இரட்டைக்கொம்பு ப-வைத் தாண்டிப் போய் அடுத்த ட-வின் மேல் சாய்ந்தது. ஐகாரக் கொம்பு கடைசியில் அநாதையாக நின்றது. லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இதே சிதைவு. அதே எழுத்துருக்களில் அதே சொல் நோட்பேடில் அச்சடித்ததுபோல் வருகிறது. ஆகவே எழுத்துருவிலும் கணினியிலும் பழுதில்லை. எழுத்துகளை அவற்றின் இடத்தில் சேர்த்து வடிவமைக்கும் வேலையை உங்கள் டைட்டில் பகுதி செய்வதே இல்லை.

இது அரிய தொழில்நுட்பமும் அல்ல. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறைதான் யூனிகோடு. 1991-இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டும் ஃபயர்ஃபாக்ஸும் லிபர்ஆபிஸும் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

‘படமாகச் செய்து ஒட்டிக்கொள்ளுங்கள்’ என்பது உதவி மையத்தின் யோசனை. வேறு வழியில்லாமல் அப்படித்தான் செய்கிறேன். லிபர்ஆபிஸில் பெயரை எழுதி, படமாக மாற்றி, டைம்லைனில் வைக்கிறேன். ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். கல்யாண வீடியோ செய்யும் கடைக்காரர் ஒருவர், பாமினி போன்ற பழைய எழுத்துருவைப் போடச் சொன்னார். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருப்பதால் டைட்டில் உடையாது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் ஆட்டக்காரர் பட்டியலை அப்படியே ஒட்ட முடியாது. எல்லாப் பெயரையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் அசைவூட்டத்தில் நீங்கள் புள்ளியைத் தனியாகவும் மெய்யைத் தனியாகவும் காட்டுகிறீர்கள். ‘ட்’ என்பது முதலில் ‘ட’ என்று வந்து, பிறகு தலையில் புள்ளி விழுகிறது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வெளியீட்டுக்கு முன் ஒருமுறை பார்த்திருந்தால் இது நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

போட்டி முடிந்து இறுதி ஆட்டத்தை மன்றத்துத் தொலைக்காட்சியில் போட்டபோது, பிழை திருத்தாத முதல் பிரதி ஓடிவிட்டது. கொருக்குப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு தாய் திரையைப் பார்த்துவிட்டு, “எங்க ஊர் பேரை ஏம்பா இப்படிப் போட்டிருக்கீங்க?” என்று கேட்டார். அவருடைய மகள் அன்று இரண்டாம் இடம் பெற்றவள். அந்த அம்மாவுக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் உதவி மையம் நடந்துகொண்ட விதம். முதலில் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள். பிறகு கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். பிறகு வேறு ஒருவர் வந்து, முன்னால் எழுதியதைப் படிக்காமல், திரும்ப நிறுவச் சொன்னார். கடைசியில் விண்டோஸ் 11-க்கு மாறச் சொன்னார்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது எனக்குத் தெரியும். ஆனால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆறாம் தலைமுறையே போதும் என்று விற்றுவிட்டு, விண்டோஸ் 11-க்குப் போ என்றால் புதுக் கணினி வாங்கு என்றுதானே பொருள்? மேலும், தமிழ்க் கொம்பு இடம் மாறுவதற்கும் விண்டோஸின் எண்ணுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். பதில் இல்லை.

இந்த அலைக்கழிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, பணத்தைத் திருப்பித் தரும் 30 நாள் கெடு ஓடி முடிந்தது. கெடுவுக்குள்ளேயே பணத்தைக் கேட்டு எழுதினேன். ‘தொழில்நுட்பக் குழு பார்த்துக்கொண்டிருக்கிறது, சற்றுப் பொறுங்கள்’ என்றார்கள். பொறுத்தேன். பிறகு ‘கெடு முடிந்துவிட்டது’ என்றார்கள். பொறுக்கச் சொன்னவர்களே கெடுவைக் காட்டி மறுப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. அந்த மின்னஞ்சல்களை எல்லாம் தேதியோடு இணைத்திருக்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஃபிரேம் வேகம் மாறும் கோப்புகளை அவற்றின் நேரக்குறிப்பின்படி கையாளும் திருத்தமும், தமிழ் டைட்டில் சரியாக வரும் திருத்தமும் எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். கொடுக்க இயலாவிட்டால் நான் கட்டிய முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இரண்டில் எதைச் செய்தாலும், திருத்தம் வரும்வரை ‘அனைத்து இந்திய மொழிகளிலும் டைட்டில்’ என்ற வரியை உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இன்னொருவர் என்னைப்போல் நம்பி வாங்கக் கூடாது.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தானியங்கி மின்னஞ்சலை நான் தீர்வாகக் கருத மாட்டேன். அந்தக் காலத்துக்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்வேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

ஒலி விலகும் போட்டியின் மூலக் கோப்பு, உங்கள் மென்பொருளில் ஏற்றுமதி செய்த பிரதி, மீடியாஇன்ஃபோ அறிக்கை, நோட்பேடிலும் உங்கள் டைட்டிலிலும் ஒரே சொல் எப்படித் தெரிகிறது என்பதற்கான ஸ்கிரீன்ஷாட்டுகள் ஆகியவற்றை அனுப்பியிருக்கிறேன். உங்கள் பொறியாளர் என் கணினியைத் தொலைவிலிருந்து பார்க்க விரும்பினால், மாலை ஏழு மணிக்கு மேல் எந்த நாளும் வீட்டில் இருப்பேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவராக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
புது வண்ணாரப்பேட்டை.