பெட்டிகளைத் தூக்கிப் போடாதவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஹெர்மன் க்னிப்பென்பெர்க் அவர்களுக்கு,

வணக்கம். தொடர் கொலைகாரன் சார்லஸ் சோப்ராஜ் என்று பேச்செடுத்தால் இந்தியாவில் பலருக்கும் உடனே ஞாபகம் வருவது திகார் சிறைதான். 1986 மார்ச்சில் பிறந்தநாள் என்று சொல்லி, காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்த இனிப்பைக் கொடுத்துவிட்டு வெளியேறியது, மூன்றே வாரத்தில் கோவா உணவகம் ஒன்றில் மும்பை இன்ஸ்பெக்டர் மதுகர் ஜெண்டேயிடம் மாட்டியது. இதைச் சொல்லும்போது பலர் கண்ணில் ஒரு மினுமினுப்பு தெரியும். "என்னா மூளை பாருங்க" என்பார்கள். எனக்கு வயிறு எரியும். அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதை 1976 பிப்ரவரியில், பாங்காக்கின் நெதர்லாந்து தூதரகத்தில் உங்கள் மேசைக்கு வந்த ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. ஆசியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய உங்கள் நாட்டு இளம் ஜோடி ஒன்று. அடிக்கடி வீட்டுக்குக் கடிதம் போடுகிறவர்கள். பல வாரங்களாக ஒரு வரிகூட வரவில்லை, கொஞ்சம் விசாரிக்க முடியுமா என்று வீட்டார் கேட்டிருந்தார்கள். உங்களுக்கு அப்போது 31 வயது. அந்த இருவரையும் நீங்கள் பார்த்ததுகூட இல்லை.

என் தங்கை தனியாகப் பயணம் போகிறவள். அவளிடமிருந்து இரண்டு நாள் சேதி இல்லையென்றாலே வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. அன்று கைப்பேசி ஏது? கடிதம் மட்டும்தான். சோப்ராஜ் பிழைப்பு நடத்தியது அந்த இடைவெளியில்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவனை யார் உடனே தேடப் போகிறார்கள்?

ரத்தின வியாபாரி என்று சொல்லிப் பழகுவான். பாங்காக்கில் கானிட் ஹவுஸ் என்ற அடுக்குமாடியில் இருந்த தன் வீட்டுக்கு விருந்தாளியாக அழைப்பான். அப்புறம் பானத்தில் எதையாவது கலந்து கொடுப்பான். வந்தவருக்கு வாந்தி, பேதி, எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது. தண்ணீர் கொடுத்து, மாத்திரை கொடுத்து, தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்பவனும் அவனேதான். எத்தனை நல்ல மனுஷன் என்று நோயாளி நினைத்துக்கொண்டிருப்பார். பாஸ்போர்ட்டும் பயணக் காசோலைகளும் அதற்குள் கைமாறியிருக்கும். இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

உங்கள் ஜோடியை அவன் ஹாங்காங்கில் சந்தித்துப் பாங்காக்குக்கு வரவழைத்தான். 1975 டிசம்பரில் அயுத்தயாவுக்குப் போகும் வழியில் இரண்டு எரிந்த உடல்கள் கிடைத்தன. காணாமல்போன ஆஸ்திரேலிய ஜோடி என்று முதலில் முடிவு கட்டினார்கள். அந்த ஆஸ்திரேலியர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். பல் மருத்துவக் குறிப்புகளை வைத்து, அது உங்கள் நாட்டு ஜோடிதான் என்று உறுதி செய்தது உங்கள் முயற்சி. அதற்குள் அவனும் அவன் தோழியும் இறந்தவர்களின் பாஸ்போர்ட்டிலேயே நேபாளம் போய்வந்துவிட்டார்கள். அந்த டிசம்பரிலேயே காத்மாண்டுவில் ஓர் அமெரிக்கப் பெண்ணும் ஒரு கனடா இளைஞரும் கொல்லப்பட்டார்கள்.

தாய்லாந்து போலீஸ் அவனைப் பிடித்துவிட்டு விட்டுவிட்டது. அவன் நாட்டை விட்டு ஓடி ஒரு மாதம் கழித்துத்தான் அந்த வீட்டைச் சோதிக்க உங்களுக்கு அனுமதி கிடைத்தது. உள்ளே இறந்தவர்களின் ஆவணங்கள், ஊசிகள், மருந்துகள். ஒரு தூதரக அதிகாரி மண்டியிட்டுத் தேட வேண்டிய இடமா அது? ஆனாலும் நீங்கள் தேடினீர்கள்.

அதே 1976 ஜூலையில் டெல்லியில் ஒரு பிரெஞ்சு மாணவர் கூட்டத்துக்கு வயிற்றுப்போக்குத் தடுப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தான். சிலர் அங்கேயே மயங்கி விழ, மற்ற மாணவர்கள் அவனை மடக்கிப் பிடித்தார்கள். அப்படித்தான் சிறை. திகாரிலிருந்து தப்பியதுகூடத் தண்டனையை நீட்டிக்கத்தான் என்று சொல்வார்கள். தாய்லாந்தில் மரண தண்டனை காத்திருந்தது, அங்கே பிடிவாரண்டுக்கு 20 ஆண்டுதான் ஆயுள். 1997இல் அவன் வெளியே வந்தபோது அது காலாவதியாகியிருந்தது. பாரிஸில் பேட்டிக்குக் காசு கேட்டு வாழ்ந்தான்.

நீங்களோ அத்தனை வருடமும், நாடு மாறி வேலை மாறியும், அந்தக் காகிதங்களைக் கூடவே வைத்திருந்தீர்கள். 2003இல் அவன் தானாகவே காத்மாண்டுவுக்குப் போய் மாட்டினான். அந்த அமெரிக்கப் பெண்ணின் 28 ஆண்டு பழைய கொலை வழக்கு. நீங்களும் இன்டர்போலும் கொடுத்த ஆவண நகல்களை வைத்துத்தான் 2004இல் ஆயுள் தண்டனை விழுந்தது. கனடா இளைஞரின் கொலைக்கு 2014இல் இன்னொரு தீர்ப்பு. 2022 டிசம்பரில் வயதைக் காரணம் காட்டி நேபாள உச்ச நீதிமன்றம் விடுவித்தது. விமானத்தில் பிரான்ஸ் போனான். அந்தச் செய்தியை நீங்கள் எப்படித் தாங்கினீர்கள் என்று பலமுறை நினைத்ததுண்டு.

ஏனென்றால், உங்களுக்கு வந்த கடிதம் யாரைத் தேடியதோ, அந்த இருவரின் கொலைக்காக எந்த நீதிமன்றமும் அவனை இதுவரை தண்டிக்கவில்லை. பெட்டி பெட்டியாக நீங்கள் சேர்த்தது வேறு இரண்டு குடும்பங்களுக்குத்தான் பயன்பட்டது.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். பல் குறிப்புகள் பொருந்திய அன்று, கடிதம் போட்ட அந்த வீட்டாருக்கு நீங்கள் பதில் எழுத வேண்டியிருந்ததா? முதல் வரியை எப்படித் தொடங்கினீர்கள்?

மரியாதையுடன்,
ஒரு பயணியின் அக்கா