மாத்திரைதானே என்கிறீர்கள், பெரியப்பா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

புதன்கிழமை காலை நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு குழி கொண்ட உங்கள் மாத்திரைப் பெட்டி. ரத்த அழுத்த மாத்திரை, வைட்டமின் எல்லாவற்றோடும் குழிக்கு ஓர் இளஞ்சிவப்பு கேப்ஸ்யூல். வெள்ளிக்கிழமைக் குழியில் அது இளகி, வைட்டமினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் விழுங்கியிருக்க வேண்டிய கேப்ஸ்யூல் செவ்வாய்க்கிழமைக் குழியில் அப்படியே கிடந்தது. படத்துக்குக் கீழே, "ஊசி இல்லை, படுக்கை இல்லை. மாத்திரைதானே!" என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தத் "தானே"வுக்காகத்தான் இந்தக் கடிதம். புற்றுநோய் மருந்துகளை எண்ணிக் கொடுப்பது என் பிழைப்பு. இந்தச் சொல்லை வாரத்துக்கு நான்கு பேரிடமாவது கேட்கிறேன். அதனால்தான் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், பெயரைப் போடவில்லை.

புருவத்துக்கு மேலே எழும்பிய அந்தச் செந்நீலக் கட்டி வலிக்கவில்லை என்பதாலேயே யாரும் பொருட்படுத்தவில்லை. வலிக்காது, விறுவிறுவென்று வளரும், வெயில் படும் தோலில் வரும், ஐம்பதைக் கடந்தவர்களைத் தேடி வரும், நோயெதிர்ப்பு அடங்கிய உடம்பென்றால் இன்னும் எளிதாக வரும். மெர்க்கல் செல் புற்றுநோயின் ஜாதகம் இதுதான். உங்களுக்கு ஐந்து பொருத்தமும் இருந்தது. டோக்கர் என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்ததே 1972-இல்தான். இதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வைரஸ் இருக்கிறது என்பது 2008-இல் தெரியவந்தது.

பக்கத்து வீட்டுக்காரர், "இம்யூனோதெரபி வந்துவிட்டதே, இன்னும் ஏன் கீமோ?" என்று கேட்டாராமே. சரியான கேள்வி. இம்யூனோதெரபி என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தட்டி எழுப்பும் வைத்தியம். 2017-இல் அவெலுமாப் என்ற அந்த வகை மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது முதல், பரவிவிட்ட மெர்க்கல் புற்றுக்கு அந்த வகை மருந்துகளைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்களுக்கும் தருகிறார்கள். வயது மட்டும் ஒரு தடையில்லை. உங்களுக்குத் தடை, பெரியம்மா கொடுத்த சிறுநீரகம். தட்டி எழுப்பப்பட்ட எதிர்ப்புச் சக்தி புற்றோடு நிற்காமல் அந்தச் சிறுநீரகத்தையும் அந்நியம் என்று கண்டுகொள்ளக்கூடும். அந்தப் பந்தயத்துக்கு நீங்கள் சம்மதிக்கவில்லை. நானாக இருந்தாலும் தயங்கியிருப்பேன்.

ஆக, எட்டோபொசைட். அந்த இளஞ்சிவப்பு கேப்ஸ்யூலில் இருக்கும் கீமோ மருந்து. மூலிகை என்றால் உங்களுக்குப் பிரியம் என்பதால் சொல்கிறேன்: இதுவும் ஒரு செடியின் வழி வந்ததுதான். பொடோஃபில்லம் என்ற செடி. அதன் ஓர் இனம் இமயமலையில் வளர்கிறது. வேர்க்கிழங்கில் இருக்கும் நச்சுப் பொருளை வேதியியலாளர்கள் மாற்றியமைத்து மருந்தாக்கினார்கள். செல்லுக்குள் டிஎன்ஏ இழையை வெட்டி மறுபடி ஒட்டும் ஒரு நொதி உண்டு. இந்த மருந்து அதை ஒட்டவிடாது. வெட்டு வெட்டாகவே நின்று செல் சாகும். அது புற்றின் செல்லா, எலும்பு மஜ்ஜையின் செல்லா என்று மருந்து விசாரிப்பதில்லை. நரம்பில் ஏற்றினாலும் வாயில் போட்டாலும் வேலை ஒன்றுதான்.

சொல்லப்போனால், விழுங்குவதில்தான் கணக்கு அதிகம் பிசகுகிறது. கேப்ஸ்யூலில் இருப்பதில் சராசரியாகப் பாதிதான் ரத்தத்தில் சேரும். அந்தப் பாதியும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாளும் மாறும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து வெளியேறாமல் தங்கும். உங்கள் அளவை மருத்துவர் குறைத்ததற்குக் காரணம் அதுதான். நீங்கள் நினைப்பதுபோல் சிக்கனம் அல்ல.

மெர்க்கல் புற்றைப் போலவே நுண்ணோக்கியில் தெரியும் ஒரு நுரையீரல் புற்றுநோய் உண்டு. அதில் எட்டோபொசைட்டை மட்டும் வாய்வழி கொடுப்பதையும், பல மருந்துகளை நரம்பு வழி கொடுப்பதையும் பிரிட்டனில் ஒப்பிட்டார்கள். நோயாளிக்கு எளிது என்று நம்பித்தான் ஆரம்பித்தார்கள். 1996-இலும் 1997-இலும் முடிவுகள் வெளியாயின: விழுங்கியவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். உங்கள் நோய் வேறு, நிலைமை வேறு. ஆனாலும் வசதி சும்மா வருவதில்லை என்று அந்த மருத்துவர்கள் கற்றுக்கொண்டதை நாமும் தெரிந்துகொள்ளலாம். இந்தப் புற்று கீமோவுக்குச் சட்டென்று சுருங்குவதும் உண்டு, சில மாதங்களில் திரும்புவதும் உண்டு. உங்கள் மருத்துவர் இதையும் சொன்னார். நீங்கள்தான் அப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வார்டில் ஒரு செவிலியர் செய்யும் வேலை இப்போது உங்கள் வீட்டில் பெரியம்மாவின் தலையில் விழுந்திருக்கிறது. அவருக்கு யாரும் பயிற்சி தரவில்லை. கேப்ஸ்யூலை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துப் பெட்டியில் போட்டவரும் அவர்தான், வெறுங்கையால். அவர் கையில் இந்த மருந்து படவே கூடாது. உங்கள் அட்டையில் 2 முதல் 8 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறது. அது குளிர்பெட்டியில், அட்டையோடேயே, தனியாக இருக்கட்டும். நீங்களே எடுத்து முழுதாக விழுங்கிவிட்டுக் கையைக் கழுவுங்கள். கடிக்கவோ பிரிக்கவோ வேண்டாம். தவறிய நாளுக்கு மறுநாள் இரண்டாக விழுங்க வேண்டாம். விழுங்கியபின் வாந்தி வந்தாலும் இன்னொன்று போடாமல் தொலைபேசியை எடுங்கள்.

காய்ச்சல்தான் எனக்குப் பெரிய கவலை. ஒரு வாரம் கடந்தபின் வெள்ளையணுக்கள் சரியத் தொடங்கும். 38 டிகிரியைத் தொட்டுவிட்டால் இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதலில் ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம் என்பது உங்கள் பழக்கம். அது காய்ச்சலை இறக்கும், கிருமியை இறக்காது. மருத்துவர் பார்க்கும்போது அடையாளமே இருக்காது. போதாததற்கு, சிறுநீரகத்துக்காக நீங்கள் சாப்பிடும் மருந்தால் தொற்று வந்தும் காய்ச்சலே காட்டாமல் போகலாம். நடுக்கமோ, திடீர்த் தளர்ச்சியோ, பேச்சுக் குழறலோ வந்தாலும் அதே கணக்குதான்.

போன சுற்றில் வாய்ப்புண்ணால் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். நான் கேட்டபோதெல்லாம் "நன்றாக இருக்கிறேன்" என்றீர்கள். மருத்துவரிடமும் அதையே சொல்லியிருக்கிறீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார், அல்லது ஒரு வாரம் தள்ளியிருப்பார். அளவு குறைந்தால் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை, பெரியப்பா. இந்த வயதில் மருந்தை உடம்புக்கேற்பத் தைத்துக்கொள்வதுதான் வைத்தியம். ஒரு நாள் "போதும், நிறுத்திவிடலாம்" என்று தோன்றினாலும் அதையும் வாய்விட்டுச் சொல்லலாம். குழியில் விட்டுவைத்து எங்களை யூகிக்கவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை மறந்துவிட்டீர்களா, வேண்டாமென்று விட்டீர்களா? எது என்றாலும் நான் சண்டை போட மாட்டேன்.

ஒட்டிப்போனதையும் விட்டுப்போனதையும் குப்பையில் போட வேண்டாம். கையுறை போட்டு ஒரு பையில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது நான் எடுத்துப் போகிறேன். தெர்மாமீட்டரும் கொண்டுவருகிறேன், உங்களிடம் இருப்பது பத்து வருடமாக 36-ஐத் தாண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்