இரண்டு பாத்தி உப்பு

அன்புள்ள சேகர்,

எட்டு மாதம் ஆகிவிட்டது. நீ அனுப்பிய மூன்று செய்திகளுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தவன் நான். திட்டுவதாக இருந்தால் இந்தப் பத்தியிலேயே திட்டி முடித்துக்கொள், கீழே நிறைய இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, கோயில் வரைக்கும் நடக்கிறாள். பெரியவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. சின்னவள் என்னோடு இன்னும் பேசவில்லை, பைக் விஷயம்தான். லாட்ஜ் கணேசன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். உனக்கும் பத்திரிகை வரும். 'மீட்டிங் இருக்கிறது' என்று பழைய பல்லவியைப் பாடினால் அவன் புனேவுக்கே வந்து உட்கார்ந்துகொள்வான், மூன்றாம் நம்பர் அடுப்புக் கதையை உன் மாணவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போவான். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை போனில், "ஆராய்ச்சிப் பிரிவு என்றால் என்னடா வேலை, சீல் குத்துவாயா?" என்று கேட்டாய். கோபம் வந்தது, ஏனென்றால் பாதி உண்மை. சீலும் குத்துகிறேன். பதிவாளர் அறைக்கு வெளியே நான் கையெழுத்துக்காக உட்கார்ந்திருந்த நேரத்தைக் கூட்டினால் இன்னொரு பிஎச்டி முடித்திருக்கலாம். ஐந்து மணிக்கு ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கும் போர்ட்டல் மூடுகிறது என்றால் நாலரைக்கு ஒருவர் மூச்சிரைக்க வருவார், நிறுவன ஒப்புதல் கடிதம் வேண்டும் என்று. பதிவாளர் அப்போதுதான் சென்னைக்கு ரயில் ஏறியிருப்பார்.

மீதிப் பாதி, பணம் எங்கே இருக்கிறது என்று தேடிக் கொடுப்பது. முதல் வருடம் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். விடிந்ததும் டிஎஸ்டி, டிபிடி, சிஎஸ்ஐஆர், ஐசிஎம்ஆர், ஐசிஎஸ்எஸ்ஆர் என்று ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற அரசு அமைப்புகளை ஒவ்வொன்றாக மேய்ந்து, வந்த அறிவிப்பையெல்லாம் பட்டியல் போட்டு, ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிடுவேன். அத்தனை பேரும் கைகூப்பிக் கும்பிடு போட்டார்கள். விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர், அதிலும் ஒருவர் தனக்குப் பொருந்தாத திட்டத்துக்கு. பட்டியலை விட்டுவிட்டேன். இப்போது ஒருவர் அறைக்குப் போய் உட்கார்ந்து, டீ குடித்து, என்னதான் செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்டுவிட்டு வருகிறேன். கல்யாணத் தரகு என்றே வைத்துக்கொள். வயது என்ன, வேலையில் சேர்ந்து எத்தனை வருடம், நிரந்தரப் பணியா, பழைய கணக்கில் பாக்கி உண்டா என்று இரண்டு ஜாதகத்தையும் வைத்துக்கொண்டு பொருத்தம் பார்க்கிறேன்.

கணிதத் துறையில் ஒரு சங்கோஜி இருந்தார். "எனக்கு எதற்கு சார் பணம், பேப்பரும் பேனாவும் இருக்கிறதே" என்பார். கணிதத்துக்கென்றே மேட்ரிக்ஸ் என்று ஒரு திட்டம், வருடத்துக்கு 2 லட்சம், மூன்று வருடம். கருவி வாங்க வேண்டாம், போய் வர, படிக்க, ஒரு கணினி வாங்க. அவரைப் பிடித்து உட்கார வைத்து எழுத வைத்தேன், கிடைத்தது. ஒன்பது வருடமாக மின்னஞ்சலிலேயே கூட்டாகக் கட்டுரை எழுதிய ஆளை முதல் தடவையாக நேரில் பார்த்துவிட்டு வந்தார். "அவர் என்னைவிடக் குள்ளம் சார்" என்றார். அதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷம்.

இந்தத் திட்டங்களின் பெயர்களையெல்லாம் நான் மனப்பாடம் பண்ணி முடிக்கவும், 2024இல் அறிவியல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துவந்த எஸ்இஆர்பி என்ற மத்திய அரசு வாரியத்தின் பலகையை இறக்கி, அதன் இடத்தில் ஏஎன்ஆர்எஃப் என்ற புது அமைப்பின் பலகையை மாட்டவும் சரியாக இருந்தது. ஐந்து வருடத்தில் 50,000 கோடி, அதில் பெரும்பங்கு அரசுக்கு வெளியே இருந்து வர வேண்டும் என்று திட்டம். உனக்கு நான் சொல்லவா வேண்டும். ஆனால் அந்த மசோதா வந்த சமயத்தில் அரசுத் தரப்பிலேயே ஒரு கணக்குச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? எஸ்இஆர்பி பணத்தில் 65 சதவீதம் ஐஐடிகளுக்கு, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு 11. நாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் எங்களிடம்தானே படிக்கிறார்கள். நீ உட்கார்ந்திருப்பது அந்த 65க்குப் பக்கத்து மேசை, நான் இந்த 11இல். அதனால் நான் கொஞ்சம் கத்தினாலும் பொறுத்துக்கொள்.

கிடைத்த பிறகாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. வேதியியலில் ஒருவர் 10 லட்ச ரூபாய்க் கருவிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டு பட்ஜெட் எழுதியிருந்தார். அனுமதிக் கடிதம் வந்து, பணம் வந்து, டெண்டர் முடிவதற்குள் 2022 ஜூலையில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இருந்த அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள், 18 சதவீதம். 50 ஆயிரம் இருந்த இடத்தில் 1 லட்சத்து 80 ஆயிரம். அந்த 1 லட்சத்து 30 ஆயிரத்தை எங்கிருந்து எடுப்பது என்று நானும் அவரும் ஒரு மாதம் முழித்தோம். கடைசியில் நுகர்பொருள் தலைப்பிலிருந்து மாற்றக் கேட்டு எழுதினோம். கருவி வந்தது, அதற்குப் போட ரசாயனம் இல்லை. யூசி, அதுதான் வாங்கிய பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழ், அந்தக் கதையைத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது. ஒரு பழைய பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அவர் திட்டத்துக்கு யூசிக்கான 12-ஏ படிவம் கொடுக்காததால் அந்தத் துறைக்கே வர வேண்டியது நிற்கிறது. அவர் வீட்டு மாடியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பில் தேடியிருக்கிறேன். எலி தின்றதுபோக மிச்சத்தைக் கொண்டுவந்தேன்.

இதெல்லாம் புலம்பல். எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

நுண்ணுயிரியலில் ஓர் உதவிப் பேராசிரியர், சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. நீ விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுக்கிற கமிட்டிக்காரன், அதனால் பெயர் வேண்டாம். அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். போன ஆடியில் அந்தப் பெண் என்னிடம் கொண்டுவந்தது ஒரு பக்கம். கையால் எழுதியது, முன்பக்கம் மட்டும். அதில் இருந்த கேள்வி இவ்வளவுதான்: ஒரே தெப்பத்திலிருந்து, அதாவது உப்புத் தண்ணீரைத் தேக்கிவைக்கும் இடத்திலிருந்து, தண்ணீர் பாய்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பாத்தி, ஒரே வெயில், ஒரே காற்று. ஒன்றில் கல்லுக் கல்லாக உப்பு விழுகிறது, அடுத்ததில் பொடிப் பொடியாக. ஏன்?

தண்ணீரின் அடர்த்தி போமே அளவுகோலில் 25 டிகிரியைத் தொட்டதும் உப்பு விழத் தொடங்கும், அதற்குள் பாத்தி ரோஜா நிறமாகிவிடும், நீயும் பார்த்திருப்பாய். உப்பில் வாழ்கிற நுண்ணுயிர்களும் டுனாலியெல்லா பாசியும் தரும் நிறம் அது. நிறம் ஏறினால் வெயிலை நன்றாகக் குடிக்கும், தண்ணீர் சீக்கிரம் வற்றும். ஆனால் கோழையைச் சுரக்கிற ஜாதி பெருகிவிட்டால் தண்ணீர் கஞ்சிபோல ஆகி, படிகம் வளரவே விடாது. இதுவரை தெரிந்ததுதான். அவர் அப்பா பாத்தியில் விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது கொழகொழங்குது, இந்த வாட்டி பொடிதான்" என்பாராம். பத்து நாள் கழித்து அப்படியே இருக்குமாம். அப்பாவின் விரலுக்குத் தெரிந்ததை ஒரு எண்ணாகச் சொல்ல முடியுமா, எத்தனை நாள் முன்னால் சொல்ல முடியும், அந்தப் பாத்தியில் அப்போது யார் யார் குடியிருக்கிறார்கள்? பக்கத்தின் கடைசி வரி அது. கொழகொழப்பை அளக்க ஒரு விஸ்காமீட்டர், ஒரு நல்ல நுண்ணோக்கி, டிஎன்ஏவை வரிசைப்படுத்தக் கொஞ்சம் செலவு, ஒரு ஜேஆர்எஃப் ஆய்வு மாணவர், இரண்டு உப்புப் பருவம். இவ்வளவுதான் கேட்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உதவி செய்தேன்.

ஐந்து வருடமாக வென்ற ப்ரொபோசல்களைப் படித்துப் படித்து எனக்கு ஒரு மூக்கு வந்துவிட்டது. எந்தச் சொல்லுக்குப் பணம் வரும் என்று வாசனை பிடிக்கிற மூக்கு. "உப்பு என்றால் கமிட்டியில் யாருக்கும் எடுபடாதும்மா" என்றேன். தண்ணீரில் இருக்கும் எல்லா உயிர்களின் டிஎன்ஏவையும் மொத்தமாகப் படிக்கிற மெட்டாஜீனோமிக்ஸைப் பெரிதாக்கினேன். உப்பு விரும்பிகளில் சில பிளாஸ்டிக் மாதிரிப் பொருளைத் தமக்குள் சேர்த்துவைக்கும் அல்லவா, அதைப் பிடித்து மக்கும் பிளாஸ்டிக் என்று ஓர் அத்தியாயம். காலநிலை இல்லாமல் இந்தக் காலத்தில் எப்படி, அதற்கு இரண்டு பக்கம். கடைசியில் 22 பக்கம், 48 லட்சம். கோடு போட்டுக் கட்டம் கட்டி, வண்ணப் படமெல்லாம் போட்டு, பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. அவர் திரையில் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "சார், இதில் என் பாத்தி எங்கே?" என்று கேட்டார்.

"பதினாலாம் பக்கத்தில் இருக்கும்மா" என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. இல்லை. எந்த நிறுவனம் என்பதும் வேண்டாம், அவர்கள் மேல் தப்பே இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். முதல் மதிப்பீட்டாளர், மக்கும் பிளாஸ்டிக் வேலை பல ஆய்வகங்களில் நடந்துகொண்டிருக்கிறது, விண்ணப்பதாரருக்கு அதில் அனுபவம் இல்லை, அங்கே வசதியும் இல்லை என்று எழுதியிருந்தார். இரண்டாமவர் எழுதியது ஒரே வரி: ஆய்வுக் கேள்வி என்ன என்று தெளிவாகத் தெரியவில்லை.

சேகர், முதலில் உன்னைத்தான் திட்டினேன். உன்னை என்றால் உங்கள் ஜாதியை. குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, முந்திரியைக் கொறித்துக்கொண்டு, ஒரு நாளில் அறுபது கனவுகளைக் கழித்துக்கட்டுகிறவர்கள் என்று ஆரம்பித்து, மனசுக்குள் உனக்கொரு கடிதமே எழுதி முடித்துவிட்டேன். நல்லவேளை அனுப்பவில்லை. ராத்திரி மேசை இழுப்பறையில் வேறு எதையோ தேடப்போய் அந்த ஒரு பக்கம் கையில் அகப்பட்டது. படித்தேன். மறுபடி மதிப்பீட்டாளர்கள் எழுதியதைப் படித்தேன். அவர்கள் சொன்ன ஒவ்வொரு குறையும் நான் சேர்த்ததில் இருக்கிறது. அந்தப் பெண் எழுதிய பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. கேள்வி என்ன என்று கேட்டிருந்தார்களே, அது முதல் வரியிலேயே இருந்தது. அதைத் தூக்கிப் பதினாலாம் பக்கத்தில் புதைத்தவன் நான்.

நம் சிவப்பு மைக்காரர் ஓரத்தில் "அதனால்?" என்று எழுதித் திருப்பித் தருவாரே, அப்போது நாம் எவ்வளவு வயிறெரிந்தோம். அவர் ஒரு நாளாவது நம் கேள்வியை மாற்றியிருக்கிறாரா, யோசித்துப் பார்.

அதிலிருந்து தூக்கம் சரியில்லை. இதற்கு முன்னால் எத்தனை பேருக்கு இப்படி உதவியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். பணம் கிடைத்தவர்களை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. அவர்கள் நான் எழுதிக்கொடுத்த வேலையை அல்லவா மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்!

தூக்கம் வராததில் கண்டதையும் படித்தேன். ஆஸ்திரேலியாவில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2012இல் மருத்துவ ஆராய்ச்சி நிதிக்கு வந்த 3,727 விண்ணப்பங்களை எழுத ஆராய்ச்சியாளர்கள் செலவழித்த காலத்தைக் கூட்டினால் 550 வருட உழைப்பு வருகிறதாம். அதில் ஐந்துக்கு நாலு வீண். சுவிட்சர்லாந்துக்காரர்கள், தகுதியில் சமமாக நிற்பவர்களுக்குள் சீட்டுக் குலுக்கியே எடுக்கிறார்கள். சிரித்துக்கொண்டே படித்தவனுக்கு உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் வந்தது. நாம் சைக்கிளில் போய்க் கோயில் சுவரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் பஞ்சராகி நின்றோமே. வயது 35க்கு மேல் 70க்குள், கால்வேலி நிலம் வேண்டும், முன்பு ஊர் வாரியத்தில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் கூடாது, மிச்சப் பேர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடு. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னாலேயே வயது வரம்பும் யூசியும் இருந்திருக்கிறது பார். உறவினரையும் சேர்த்துத் தள்ளியதை எங்கள் நிதிப் பிரிவுக்குச் சொல்லிவிடாதே, உடனே அமல்படுத்திவிடுவார்கள்.

இப்போது உன்னிடம் கேட்பது இரண்டு. ஒன்று, எனக்கு உண்மை தெரிய வேண்டும். அறுபது ப்ரொபோசலைக் கையில் கொடுத்தால் நீங்கள் எது வரைக்கும் படிப்பீர்கள்? எந்த இடத்தில் கை தானாகப் பக்கத்தைத் தள்ளுகிறது? சபையில் சொல்கிற பதில் வேண்டாம், லாட்ஜ் மொட்டை மாடியில் சொல்லுவாயே, அந்தப் பதில். இரண்டாவது, கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா, ஒரு நாள் முன்னால் வா. ஏழெட்டுப் பேர் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள், கையெழுத்தில். நீயும் கணேசனும் படித்துவிட்டுப் புரியாததைக் கேட்க வேண்டும். கணேசன் எதற்கு என்று கேட்காதே. அவன் இரும்புக் கடை வைத்திருக்கிறான், அவனுக்கே கேள்வி புரிந்தால் யாருக்கும் புரியும். நான் வாயைத் திறக்க மாட்டேன், சத்தியம்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார், அடுத்த பருவத்துக்குள் எழுதிவிடலாம், மழைக்கு முன்னாடி அப்பாவோடு போய் இரண்டு பாத்தியிலும் தண்ணீர் எடுத்துவைக்கிறேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலாம். இந்தத் தடவை அவரே எழுதுகிறார், நான் பட்ஜெட் தலைப்பும் ஜிஎஸ்டியும் மட்டும் பார்க்கிறேன். உன் கமிட்டிக்கு இது வராது, விசாரித்துவிட்டேன். வந்தாலும் நீ எழுந்து வெளியே போய்விடுவாய் என்று தெரியும்.

அவர் அனுமதியோடு அந்தப் பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். தனியாக ஒரு கூரியரும் வரும். அதில் இரண்டு பொட்டலம் உப்பு, 'அ' என்றும் 'ஆ' என்றும் அவரே எழுதிக் கொடுத்தது. பிரித்துக் கையில் கொட்டிப் பார்த்தால் நான் மேலே எழுதியதெல்லாம் தேவையே இல்லை என்று தோன்றும். தங்கச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவை, குழம்பில் போட்டுவிடப் போகிறாள்.

உன்
பாலு