பூங்காச் சீரமைப்பு: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். சேலம் அழகாபுரத்தில் நம் தெருக்களுக்கு நடுவே உள்ள பூங்காவைச் சீரமைக்கக் கோரி மாநகராட்சியிடம் மனு அளிக்கும் முன், அதில் இடம்பெற வேண்டியவற்றை முடிவு செய்ய வரும் ஞாயிறு காலை 7 மணிக்குப் பூங்காவிலேயே கூடுகிறோம்.

இருசக்கர வாகனங்களைத் தடுக்க வாயிலில் நட்ட இரும்புக் கம்பங்கள் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் தடுத்துவிட்டன. குறைந்தது 90 செ.மீ. இடைவெளியும், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சரிவுப் பாதையும், அதன் இருபுறமும் கைப்பிடியும் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருக்கும்போது இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை.

நான் பெரிதும் கவலைப்படுவது தரையைப் பற்றித்தான். அழகுக்காக முழுப் பரப்பிலும் சிமென்ட் கல் பதித்துவிட்டால், சித்திரை வெயிலில் வாங்கிய சூட்டை அது இரவிலும் வெளிவிடும். ஐப்பசி மழையிலோ, மண்ணுக்குள் இறங்க வழியில்லாத நீர் தாழ்வான வீடுகளை நோக்கி ஓடும். சேர்வராயன் மலையின் மழைநீரைத் திருமணிமுத்தாறு சுமந்து வரும் ஊரில், நம் பூங்காவில் பெய்வதையாவது அங்கேயே இறக்கிவிட வேண்டும். ஆகவே நடைபாதை தவிர மற்ற இடம் மண்ணாகவே இருக்கட்டும். தாழ்ந்த மூலையில் உறிஞ்சுகுழி அமையட்டும். பழைய வேப்பமரங்களின் அடியைச் சுற்றிப் பூசிய சிமென்டை அகற்றி, புங்கனும் நாவலும் கூடுதலாக நடலாம்.

ஊஞ்சலுக்கடியில் மணலும், பின்பக்கச் சுவரோரம் விளக்குகளும் அவசியம்.

வர இயலாதவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் இங்கேயே கருத்தைப் பதிவிடுங்கள். நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். எங்கே கால் தடுக்குகிறது என்பதை அவர்களே காட்ட முடியும்.