மாரிக்கு முன் கோட்டைத் தேவாலயத்தின் கற்களைக் காக்கக் கோரும் நான்காவது மனு

பெறுநர்:
தொல்பொருட் சின்னங்களின் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்

விடயம்: யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இடிந்து கிடக்கும் ஒல்லாந்தர் தேவாலயத்தின் கற்களைப் பாதுகாத்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விடயமாகக் கடந்த மாரிக்கு முன் ஒரு மனுவும், தை மாதத்தில் ஒன்றும், வைகாசியில் ஒன்றும் தங்கள் அலுவலகத்தில் கையளித்தேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. தங்களுக்கு வேலை அதிகம் என்பதை அறிவேன். ஆனால் ஐப்பசி நெருங்குவதால் மீண்டும் எழுதுகிறேன்.

1. கோட்டையின் வரலாற்றைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐந்து கொத்தளங்களோடு பெருப்பித்தார்கள். அங்கே நடந்த அகழாய்வுகளில் போர்த்துக்கேயருக்கு முந்திய மட்பாண்டங்களும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. ஆகவே அது ஒல்லாந்தரின் சொத்து மட்டுமல்ல. எங்கள் துறைமுக வாழ்வின் சாட்சி.

2. என் மனத்தை வருத்துவது தேவாலயம். 1706இல் சிலுவை வடிவில் கட்டிய அதை 1970களில் பள்ளி மாணவனாக உள்ளே சென்று கண்டிருக்கிறேன். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே குளிர்ந்திருக்கும். பெயர் பொறித்த கல்லறைக் கற்கள் மேல் கால் படாமல் நடக்கச் சொன்னார் ஆசிரியர். 1990இல் கோட்டையைச் சுற்றி மாதக் கணக்கில் நடந்த சண்டையில் அது நொறுங்கியது. அதற்கு 9 ஆண்டுகள் முன்னர்தான், கூப்பிடு தூரத்தில் இருந்த நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. நூலகத்தைத் திரும்பக் கட்டினோம். தேவாலயம் கற்குவியலாகவே கிடக்கிறது. போர் செய்ததை யாரும் இனி மாற்ற முடியாது. ஆனால் இப்போது அந்தக் கற்களைத் தின்பது குண்டு அல்ல, ஐயா, தண்ணீரும் உப்பும். அவை முருகைக்கற்கள், கடலின் பவளப்பாறையிலிருந்து வெட்டியவை. முருகைக்கல் கடற்பஞ்சு போலத் துளை நிறைந்தது. மாரியில் நீரை உறிஞ்சும், பண்ணைக் கடலின் உப்புக்காற்றையும் வாங்கும். சோளகம் வீசிக் காயும்போது உள்ளே உப்பு படிகமாகி, கல்லின் முகத்தை வெளியே தள்ளும். கையால் தடவினால் மாவு போல உதிர்கிறது. சென்ற தையில் நான் படமெடுத்த செதுக்கு விளிம்பு ஒன்று வைகாசியில் இல்லை. அந்த இரண்டு படங்களையும் மூன்றாவது மனுவோடு இணைத்திருந்தேன். யாராவது பிரித்துப் பார்த்தார்களா?

3. மழை முன்போல் இல்லை. முன்பு மாரி நாட்கணக்கில் பரவிப் பெய்யும். இப்போது 2008இல் நிஷா, 2020இல் புரெவி என்று புயலாக வந்து, ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போகிறது. கடல் மட்டமும் உயர்ந்து வருகிறது; அகழிக்கு அப்பால் கடல். முனியப்பர் கோயில் பக்கம் நின்று பார்த்தால் தங்களுக்கே தெரியும்.

4. சீமெந்து பூசவேண்டாம் என்று மூன்று மனுவிலும் எழுதினேன். அது ஈரத்தை வெளியே விடாது. ஈரம் கல்வழியே வெளியேறும், கல் உதிரும், சீமெந்து மட்டும் மிஞ்சும். சுண்ணாம்புச் சாந்து அறிந்த கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் போனபின் யாரைக் கேட்பது?

5. நான் தேவாலயத்தைத் திரும்பக் கட்டச் சொல்லவில்லை. கற்களுக்கு எண் இடுங்கள். செதுக்கு வேலை உள்ளவற்றை நிலத்திலிருந்து உயர்த்தி, கூரைக்குக் கீழ் வையுங்கள். வெள்ளம் வடிய ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். வெடிப்புகளில் முளைத்த அரசங்கன்றுகளைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்யுங்கள். எல்லாவற்றையும் அளந்து, வரைந்து, பிரதியொன்றை வேறு ஊரிலும் வையுங்கள். போர்க்காலத்தில் பண்பாட்டுச் சின்னங்களைக் காக்க 1954இல் ஹேக்கில் எழுதிய ஒப்பந்தம், சமாதான காலத்திலேயே ஆயத்தம் செய்யச் சொல்கிறது. இப்போது சமாதான காலம். இப்போதும் செய்யாவிட்டால் எப்போது செய்வது?

6. போர் முடிந்தபின் நெதர்லாந்தின் நிதியுதவியோடு மதில்களைத் திருத்தினார்கள். நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அன்னியர் வந்து மதிலைத் திருத்த, கல் அடுக்கவும் கூரை போடவும் நாம் இத்தனை காலம் எடுப்பதா? தகரக் கூரை, ஐயா! நான்கு தூணும் தகரமும்! எங்கள் ஊரில் மீன்வலைக்குக்கூட அது இருக்கிறது!

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். சின்னங்களைக் காக்க 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தங்கள் கையில் இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்தத் தாள் மட்டுமே.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி நேரில் வந்து பாருங்கள். நானும் வருகிறேன், எந்தக் கல் எங்கிருந்தது என்று என் நினைவில் உள்ளவரை காட்டுகிறேன். எனக்கு வயது போகிறது. தயவுசெய்து மழைக்கு முன் வாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
குருநகர், யாழ்ப்பாணம்.

இணைப்பு: முந்திய மூன்று மனுக்களின் பிரதிகள், அதே இரண்டு படங்கள், மீண்டும்.